பின் யூனிட்டுப் பிள்ளைகளை யார் பார்த்தது?

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் வந்தார். "அன்ரி, அடிக்கடி வாற தமிழ்ச் சொல்லுகளுக்கு நேரான இங்கிலிஷ் சொல்லுகளைத் தாங்கோ. பாடமாக்கிப்போட்டுப் போறம்" என்றார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார். அதனால் அவரை ஏசாமல் விட்டேன். இப்போது உங்கள் எல்லோரையும் சேர்த்து ஏசுகிறேன், கேளுங்கள்.

நேரான சொல் என்று ஒன்று இல்லை. உங்களுக்கு எந்தச் சந்தேகமும் வராத ஒரு சொல்லைத் தருகிறேன். 'பார்.' கண்ணால் காண்பது. அவ்வளவுதானே?

வேலை பார்க்கிறோம். பொம்பிளை பார்க்கிறோம், சரிவராவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம். கலியாணத்துக்கு நாள் பார்க்கிறோம். கறியில் உப்புப் பார்க்கிறோம், அது நாக்கால். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறோம், அது கையால். டொக்டர் நோயாளியைப் பார்க்கிறார், நோயாளியும் போய் டொக்டரைப் பார்க்கிறார். சாதி பார்ப்பதில்லை என்று மேடையில் சொல்லிவிட்டு, மகனுக்குச் சம்பந்தம் பேசும்போது வடிவாகப் பார்க்கிறோம். வயதுபோன தாய் தகப்பனைப் பார்க்கிறோம், அல்லது பார்க்காமல் விடுகிறோம். இதில் பாதிக்கு மேல் கண்ணுக்கு வேலையே இல்லை.

ஒருமுறை அகதி விசாரணை ஒன்றின் ஒலிநாடாவைச் சரிபார்க்கும்படி என்னிடம் தந்தார்கள். சோதனைச் சாவடியில் தன் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனதை ஒரு மனிதர் சொல்கிறார். "கெஞ்சிப் பாத்தன், காலைப் பிடிச்சுப் பாத்தன், விடேல்லை" என்கிறார். எங்கள் மொழிபெயர்ப்பாளர் பெருந்தகை, அவர் கெஞ்சினார், பிறகு பார்த்தார், காலைப் பிடித்தார், பிறகு பார்த்தார் என்று ஆங்கிலத்தில் வரிசையாக அடுக்குகிறார். அதிகாரி கேட்கிறார்: "என்ன பார்த்தீர்கள்?" அந்த மனிதருக்கு விளங்கவில்லை. "என்னத்தைப் பாக்கிறது? அவனைக் கொண்டு போட்டாங்கள்" என்கிறார். அதிகாரி திரும்பவும் கேட்கிறார். சாட்சி கேள்வியைத் தட்டிக்கழிக்கிறார் என்று அவருக்கு எண்ணம். நான் காதில் இருந்ததைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன்.

இன்னொன்று 'பாப்பம்.' யாழ்ப்பாணத்து ஆள் 'பாப்பம்' என்றால் பெரும்பாலும் 'மாட்டன்' என்பதுதான் பொருள். மரியாதைக்காக அப்படிச் சொல்வார். ஆஸ்பத்திரித் தாதிமார் அதைச் சம்மதம் என்று எடுத்து நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆள் வரமாட்டார். பிறகு எங்கள் சனத்துக்குப் பொறுப்பில்லை என்று என்னிடம் வந்து முறைப்பாடு.

எல்லாவற்றையும் விட மோசமானது 'பார்த்துக்கொள்கிறேன்.' தாய் பிள்ளையிடம் சொன்னால் அது ஆறுதல். ஒரு முரடன் வாசலில் நின்று சொன்னால் அது மிரட்டல். எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சொல்கிறவரின் முகத்தைக் கவனிக்காமல் குனிந்து குறிப்பெழுதிக்கொண்டிருப்பவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம், வேறு வேலை பாருங்கள்.

இவை ஒருமாதிரிச் சமாளித்துவிடக்கூடியவை. நான் சொல்ல வந்தது வேறு. சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களிடமும் கேட்டு, பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆக்லண்டில் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் ஒரு வளவுக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு யூனிட்டுகள், அதாவது சின்ன வீடுகள், இரண்டுக்கும் கார் போக ஒரே டிரைவ்வே. பின் யூனிட்டில் வசந்தி இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அகதியாக வந்து இருப்பதற்கு அனுமதி கிடைத்தவள். புருஷனுக்கு விசா வரவில்லை, அவன் கொழும்பில் நின்றான். மகள் துளசிக்கு ஆறு வயது, மகன் கோகுலனுக்கு நாலு. பின்னேரங்களில் வசந்தி பஸ் ஏறி நகரத்துக்குப் போய் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்வாள். அவள் திரும்பும்போது பிள்ளைகள் நித்திரையாகி இருப்பார்கள்.

முன் யூனிட்டில் செல்வி. மதுரைப் பக்கம். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவர்களுக்கு ரெசிடென்ஸ், நிரந்தரமாக இருப்பதற்கான அனுமதி, இன்னும் கையில் வரவில்லை. வசந்தியைவிட நன்றாக மூத்தவர், வாயும் கொஞ்சம் நீளம். அவருடைய குசினி யன்னலில் நின்றால் வசந்தியின் வாசல் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் காலை, பிள்ளைகளை வட்டமாக இருத்தி வீட்டில் பின்னேரம் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். துளசி தன் அழகான கிவி ஆங்கிலத்தில், அம்மா வேலைக்குப் போய்விடுவா என்றாள்; வேறு யாராவது உங்களைப் பார்ப்பார்களா என்று ஆசிரியை கேட்க, நானும் தம்பியும் மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள். சின்னப் பிள்ளைகளைத் தகுந்த ஏற்பாடு இல்லாமல் தனியே விடுவது இந்த நாட்டில் குற்றம். ஆசிரியை அறிவிக்கவேண்டிய இடத்துக்கு அறிவித்தார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார்.

கோபம் அடுத்த ஆளில். பிள்ளைகள் நல அதிகாரி ஒரு பெண், வசந்தியின் வீட்டுக்கு வந்தபோது கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிவந்தார். குமரன் என்று ஈப்போவிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு பகுதிநேரமாக வேலை செய்த பையன். கெட்டிக்காரன், இரண்டு மொழியும் மளமளவென்று வரும். அதுதான் அவனுக்கு வினை.

நீங்கள் வேலைக்குப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "முன் யூனிட் செல்வியக்கா பாக்கிறவா" என்று வசந்தி சொல்லியிருக்கிறாள். குமரன் ஒரு கணமும் தாமதிக்காமல், வசந்தியே பேசுவதுபோல, முன் வீட்டுச் செல்விதான் என்னுடைய பேபிசிட்டர் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான்.

அதிகாரி எழும்பி நேரே டிரைவ்வேயில் நடந்து முன் யூனிட்டுக்குப் போனார். செல்வி யன்னலடியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். "பின் வீட்டு வசந்தியின் பேபிசிட்டர் நீங்கள்தானா?" என்று அதிகாரி கேட்டார்.

"நோ. ஐ ஆம் நாட் ஹெர் பேபிசிட்டர்" என்று சொல்லிவிட்டுச் செல்வி யன்னலைப் பட்டென்று சாத்தினார்.

முடிந்தது. தாய் பொய் சொல்லியிருக்கிறாள், பிள்ளைகளைக் கவனிக்க ஒருவரும் இல்லை என்று கோப்பில் ஏறிவிட்டது. பிள்ளைகளை எடுத்து வேறொரு குடும்பத்திடம் விடுவதா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

செல்விக்கு அந்தச் சொல் விளங்கவில்லை என்று நினைக்காதீர்கள். நன்றாக விளங்கியது, அதனால்தான் யன்னல் சாத்தப்பட்டது. வசந்தி வேலைக்குப் போகும் நேரமெல்லாம், ஒருவரும் கேட்காமல், அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு குழைத்துக் கொடுத்த பெண். அவரிடம் அரசாங்கத்து ஆள் வந்து நீ சம்பளத்துக்கு நிற்கிறவளா என்று கேட்டால்? அதுவும், வசந்திதான் அப்படிச் சொன்னாள் என்று சொல்லிக் கேட்டால்? எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் இது விளக்கிச் சொல்லவேண்டிய விஷயம் இல்லை. குமரனுக்கும் தெரியும். ஆனால் அவன் அந்த இடத்தில் யோசிக்கவில்லை.

விஷயம் என் காதுக்கு வந்ததும் அவனைப் பிடித்தேன்.

"ஏன் தம்பி, நிப்பாட்டிக் கேக்கேல்லை?"

"என்னத்த கேக்கறது அக்கா? பார்த்துக்கிறாங்கன்னா அதானே?"

"காசு வாங்கிக்கொண்டோ பாக்கிறவா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதெல்லோ? தெரியாததை ஏன் சொன்னனீர்?"

"நிறுத்தினா, இவனுக்கு மொழி சரியா வரலன்னு நெனச்சுக்குவாங்க அக்கா. அப்புறம் கூப்பிட மாட்டாங்க."

இந்தப் பயம்தான் எங்கள் வேலையைக் கெடுக்கிறது. உங்கள் எல்லோருக்கும் இது இருக்கிறது, எனக்குத் தெரியும். மளமளவென்று சொன்னால் கெட்டிக்காரர் என்பார்கள் என்று நினைக்கிறீர்கள். நிறுத்திக் கேட்பதற்கு உங்களுக்கு வெட்கம். உங்கள் வெட்கத்துக்கு யாரோ ஒரு தாய் பிள்ளைகளைக் கொடுக்கவேண்டுமா?

இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு நல்லது உண்டு. பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் முன் குடும்பத்தார் எல்லோரையும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டு, நீங்கள் என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். கூட்டத்தை நடத்துவதற்கென்று ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார். வசந்திக்கு வந்தவர் ஒரு மாவோரிப் பெண்மணி. பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். கூட்டத்துக்கு முன் வசந்தியைச் சந்தித்துப் பேச வந்தபோது மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரியும் வந்து இருந்தார்.

வேலை தொடங்கும் முன் நான் வசந்திக்கு ஒன்றைச் சொன்னேன். "இஞ்சை என்ர காதில விழுகிறதெல்லாம் இங்கிலிஷில வெளியில வரும். எனக்கு மட்டும் எண்டு ஒண்டும் சொல்லக்கூடாது." அவள் தலையாட்டினாள்.

உங்கள் குடும்பத்தார் யார் யார் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார்.

"இஞ்சை ஒருத்தரும் இல்லை" என்றாள் வசந்தி.

அப்படியானால் நீங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை யார் பார்ப்பது?

வசந்தி என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்லிப் பட்டது போதும் என்று அவளுக்குப் பயம். "செல்வியக்காதான் பாக்கிறவா. ஆனா அவ இல்லையெண்டு சொல்லிப்போட்டா. இப்ப நான் என்னத்தைச் சொல்ல?"

நான் கையை உயர்த்தினேன். இப்போது மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டுச் சொன்னேன்: இவர் சொன்ன சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை. சம்பளத்துக்குக் கவனிப்பதையும் சொல்லலாம், சொந்தம்போலக் கவனிப்பதையும் சொல்லலாம், எட்ட நின்று ஒரு கண் வைத்திருப்பதையும் சொல்லலாம். எது என்று நான் தெரிவு செய்யக்கூடாது. அந்தப் பெண் என்ன செய்கிறார் என்று இவரிடமே கேளுங்கள்.

அதிகாரி என்னை முறைத்தார். மொழி தெரியாதவள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். ஒருங்கிணைப்பாளர் தேநீரை வைத்துவிட்டு வசந்தியிடம் கேட்டார். வசந்தி சொல்லத் தொடங்கினாள்.

"நான் வெளிக்கிடேக்க அவ யன்னலடியில நிப்பா. நான் கையைக் காட்டுவன். அவ தலையை ஆட்டுவா. அவ்வளவுதான், கதைக்கிறேல்லை. பிறகு அவ தன்ர கதவைத் திறந்து விட்டிடுவா, பிள்ளையள் ஓடித்திரிவினம். தோசை சுட்டால் குடுப்பா. குழப்படி செய்தால் அடியும் போடுவா. நித்திரையான பிறகு எங்கட வீட்டில வந்து இருந்து ரிவி பாப்பா. நான் வந்தவுடன எழும்பிப் போயிடுவா."

அவரிடம் நீங்கள் எப்போது கேட்டீர்கள்?

"கேக்கேல்லை. அவ பாத்தா."

பிறகு ஏன் உன் மகள் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொன்னாள் என்று அதிகாரி குறுக்கே கேட்டார். அதையேதான் வசந்தியும் துளசியிடம் கேட்டிருக்கிறாள். பிள்ளை சொன்ன பதில் இது: வெளியாட்கள் யாராவது பார்க்கிறார்களா என்று டீச்சர் கேட்டதாக நினைத்தேன், செல்வி ஆன்ட்டி வெளியாள் இல்லையே, அவ சும்மா செல்வி ஆன்ட்டிதானே.

ஒருங்கிணைப்பாளர் உரத்துச் சிரித்தார். எனக்கும் இப்படி ஒரு அத்தை இருந்தார், யாரும் கேட்டதும் இல்லை, நன்றி சொன்னதும் இல்லை, சொல்லியிருந்தால் உதைத்திருப்பார் என்றார். சிரித்துக்கொண்டே, குடும்பத்தார் என்ற இடத்தில் செல்வியின் பெயரைச் சேர்த்தார்.

"அந்தப் பெண் மறுத்துவிட்டாளே" என்றார் அதிகாரி.

"நீ அவளிடம் என்ன கேட்டாய்?"

அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

கூட்டத்துக்கு அழைப்புப் போனது. செல்வி வருவாரா என்று யாருக்கும் தெரியாது. வந்தால் பிள்ளைகள் வீட்டில். வராவிட்டால் வேறொரு வீட்டில். அவ்வளவுதான் கணக்கு. ரெசிடென்ஸ் வரும் வரை அரசாங்க அலுவலகப் பக்கமே தலைவைக்காதே என்று அவருடைய கணவர் சொல்லிவிட்டாராம். அது சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் எல்லாக் கடையிலும் பேச்சாக இருந்தது. எங்கள் சனத்துக்கு வாய் சும்மா இருக்காதே.

எனக்கும் நிம்மதி இல்லை. மரக்கறிக் கடையில் ஒரு பெரிய மனுஷர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், என்னை வழிமறித்தார். "பிள்ளை, நீங்கள் ஒரு சொல்லைக் கொஞ்சம் வளைச்சுச் சொன்னால் அந்தக் குடும்பம் தப்பும். பாத்துச் செய்யுங்கோ" என்றார். பாருங்கள், இங்கேயும் அதே சொல். பொய் சொல்லு என்பதற்கு எங்கள் பெரியவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாத்துச் செய்.'

"ஐயா, நான் ஒரு சொல்லை வளைச்சால் பிறகு நான் சொல்லுற ஒண்டையும் அவை நம்பாயினம். உங்கட அலுவலுக்கு நான் வரேக்க என்ன செய்வியள்?" என்றேன். அவர் கத்தரிக்காய் பொறுக்கத் தொடங்கினார்.

அதே கடையில் அதே வாரம் செல்வியும் வந்தார். என்னை நேரே பார்த்து வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும்.

"ஏங்க, நீங்கதானே அவளுக்கு மொழிபெயர்க்கிறது? அவ என்னைப் பத்தி அங்க என்ன சொல்றா?"

அந்த நிமிஷத்தை உங்களுக்கு நன்றாக விளக்கவேண்டும். என் வாயில் ஒரே ஒரு வசனம் இருந்தது. அவள் உங்களைச் சம்பளத்துக்கு வைத்திருப்பதாகச் சொல்லவே இல்லை. அதைச் சொன்னால் இந்தப் பெண்ணின் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிடும், பிள்ளைகள் தப்பிவிடும். சொன்னால் என்ன? நல்ல காரியம்தானே? நல்ல காரியம்தான். ஆனால் அறைக்குள் கேட்டதை நான் மரக்கறிக் கடையில் சொல்கிறவள் என்றால், ஆக்லண்டில் இருக்கும் எந்தத் தமிழ்ப் பெண் இனி என் முன்னால் டொக்டரிடம் வாய் திறப்பாள்? நாங்கள் எல்லோரும் ஒரே கடையில் வெண்டிக்காய் வாங்குகிற சனம்.

"என்னைக் கேக்காதேங்கோ. அவவைக் கேளுங்கோ" என்றேன்.

"பெரிய ரகசியம்!" என்று செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் வாங்கப் போன சாமான் எதையும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். எல்லோரிலும் கோபம். வேலையிலும் கோபம்.

கூட்டம் ஒனிஹங்கா என்ற பகுதியில் ஒரு அலுவலக மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகள் பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் தன் மொழியில் ஒரு பிரார்த்தனை சொல்லித் தொடங்கினார். தேநீரும் பிஸ்கற்றும் இருந்தன. செல்விக்கு வைத்த கதிரை காலியாக இருந்தது. அதிகாரி தன் திட்டத்தைச் சொன்னார்: தகப்பன் வந்து சேரும் வரை பிள்ளைகள் வேறொரு குடும்பத்தோடு இருக்கட்டும், தாய் போய்ச் சந்திக்கலாம். நான் அதை வசந்திக்குத் தமிழில் சொன்னேன். இந்த வேலையில் மற்றவரின் சொல்லை 'நான்' என்று சொல்லியே சொல்லவேண்டும். உன் பிள்ளைகளை நான் எடுக்கிறேன் என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே என் வாயால் சொன்னேன்.

அப்போது கதவு திறந்தது. சேலைக்கு மேல் தடித்த ஜக்கெட்டோடு செல்வி. இருக்கச் சொன்னார்கள், இருக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு வசனம் தொடங்கினார். பிறகு வசந்தியைக் கண்டார், ஆங்கிலம் போய்விட்டது. கோபத்துக்கு இரண்டாவது மொழி உதவாது.

"என்னைப் பத்தி இவங்ககிட்ட என்னடி சொன்னே? சம்பளத்துக்கு வச்சிருக்கேன்னா?"

"ஐயோ அக்கா, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"பின்ன அந்தம்மா ஏன் ஜன்னல்ல வந்து நின்னு பேபிசிட்டரான்னு கேட்டா?"

"நீங்கள் பாக்கிறனீங்கள் எண்டு மட்டும்தான் சொன்னனான்."

"பார்க்கிறேன்தான்! அதுக்கு? வந்த நாள்லேர்ந்து பார்க்கிறேன். ஒரு வாட்டி, அக்கா நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டிருப்பியா? கைய ஆட்டிட்டு ஓடுற. சின்னவனுக்கு உடம்பு நெருப்பாக் கொதிச்சுதே, அன்னைக்கும் கைய ஆட்டிட்டுத்தானே வேலைக்கு ஓடுனே? என் மடியிலயே வாந்தி எடுத்தான் புள்ள!"

நான் ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன், செல்வியின் வேகத்தோடு, செல்வியின் சூட்டோடு. காய்ச்சலுக்கு வரும்போது வசந்தி என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அக்கா, காய்ச்சலைச் சொல்லாதேங்கோ. உங்களைக் கும்பிட்டன். அதை மட்டும் விட்டிடுங்கோ."

செல்விக்கும் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டார். அதிகாரி பேனையோடு என்னைப் பார்த்தார். எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும், ஒரு வசனம் பாக்கி இருக்கிறது என்று. நோயாளிப் பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் வேலைக்குப் போனாள். அதிகாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நான் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரியவந்திராது.

நான் சொன்னேன். காய்ச்சலைச் சொன்னேன், வாந்தியைச் சொன்னேன். சொல்லவேண்டாம் என்று வசந்தி கெஞ்சியதையும் சொன்னேன். அவள் என் சட்டையை விட்டாள். அந்தக் கை விலகிய விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"பிள்ளைக்கு அப்படிக் காய்ச்சல் என்றால் ஏன் வேலைக்குப் போனீர்கள்?" என்று அதிகாரி கேட்டார். தமிழில் சொன்னேன். வசந்தி குனிந்தபடி இருந்தாள்.

"அவளை ஏன் கேக்குறீங்க?" என்றார் செல்வி. "நான்தான் போகச் சொன்னேன். அவ போகமாட்டேன்னு வாசல்லயே நின்னா. லீவு போட்டா வேலையிலேர்ந்து தூக்கிருவாங்க. நான்தான் புள்ளைய அவ கையிலேர்ந்து பிடுங்கிக்கிட்டு, நீ போடி, நான் பார்த்துக்கிறேன்னு சொன்னேன்."

சொன்னேன். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"நீயே அனுப்பிவிட்டு, ஏன் அதற்கே ஏசுகிறாய்?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார்.

"திட்டுறது எங்களுக்குள்ள இருக்குற விஷயம். அதையெல்லாம் நீங்க எழுதிக்காதீங்க" என்றார் செல்வி. அதையும் சொன்னேன். அதிகாரி எழுதியிருந்ததைக் கோடு போட்டு வெட்டினார்.

பிறகு எல்லாம் ஏற்பாட்டுப் பேச்சு. வசந்தி வேலைக்குப் போனால் பிள்ளைகள் செல்வியின் வீட்டிலேயே இருக்கவேண்டும், அவள் வரும் வரை தனியே விடக்கூடாது என்றார்கள். செல்வி, அதுதானே நடக்கிறது என்றார். உங்கள் கணவருக்கு இதில் சம்மதமா என்று அதிகாரி கேட்டார்.

"அவரை நான் பார்த்துக்கிறேன்" என்றார் செல்வி.

காய்ச்சல் பிள்ளையைப் பற்றிச் சொன்ன அதே சொல், முகம் மட்டும் வேறு. அந்த முகத்துக்கு ஏற்ற ஆங்கிலத்தைத்தான் போட்டேன். மண்டபமே சிரித்தது. பிள்ளைகள் வீட்டில் இருப்பதென்று முடிவானது.

நான் உங்களை ஏசுவதற்குக் காரணம் இதுதான். அந்த ஒரு வசனத்தை நான் இரக்கப்பட்டு விழுங்கியிருந்தால், அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார். கேள்வி வராவிட்டால் செல்வியின் பதிலும் வந்திராது. பேச்சில் எந்தத் துண்டு உதவும், எந்தத் துண்டு கெடுக்கும் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியாது. தெரியும் என்று நினைக்கிறவர் இந்த வேலைக்கு ஆபத்தான ஆள். குமரன் தெரியும் என்று நினைத்து ஒன்றைக் கூட்டிச் சொன்னான். வசந்தி தெரியும் என்று நினைத்து, என்னிடம் ஒன்றைக் குறைத்துச் சொல்லச் சொன்னாள். இரண்டும் ஒன்றுதான்.

கூட்டம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தோம். வசந்தியும் செல்வியும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. செல்வி கோகுலனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் அவன் மூக்கைத் துடைத்தார். துளசி அவருடைய ஜக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வசந்திக்குப் பின்னேர வேலைக்கு நேரமாகிவிட்டது. நகரத்து பஸ் வந்தது. அவள் ஓடிப்போய் ஏறும் முன் திரும்பிக் கையைக் காட்டினாள். செல்வி தலையை ஆட்டினார்.

அதிகாரி என் பக்கத்தில் நின்றார். "இப்போது அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்?" என்று கேட்டார்.

"ஒன்றும் பேசவில்லை" என்றேன். "பாருங்கள்."